மூன்று மாதக் குழந்தையின் நினைவை அளப்பது எப்படி: ரிப்பனும் தொங்கு பொம்மையும்

கைக்குழந்தை எதைக் கற்றது, எத்தனை நாள் நினைவில் வைத்திருந்தது என்பதை அதன் கால் உதையை எண்ணியே அளந்துவிடலாம். உளவியலாளர் கரோலின் ரோவி-கோலியர் 1969-இல் வெளியிட்டு, பின்னர் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் விரிவாக வளர்த்தெடுத்த முறை இது. 2 முதல் 6 மாதக் குழந்தைகளுக்குப் பொருந்தும்.

தேவையானவை: கம்பிகள் வைத்த மரத்தொட்டில், அதன் இரு பக்கமும் பொருத்த இரண்டு தாங்கிகள், ஐந்து உருவங்கள் தொங்கும் பொம்மை, மிருதுவான ரிப்பன், நிறுத்துக்கடிகாரம். நம் தூளி இதற்கு உதவாது; குழந்தை உதைத்தால் தூளியே ஆடும், அந்த ஆட்டமும் பொம்மையின் ஆட்டமும் கலந்துவிடும். சோதனையைக் குழந்தையின் வீட்டிலேயே, அது பால் குடித்து விழிப்போடு விளையாடும் நேரத்தில் வையுங்கள்.

ரிப்பனின் ஒரு முனையைக் கணுக்காலில், இறுக்காமல், தொய்வும் இல்லாமல் கட்டுங்கள். முதல் 3 நிமிடம் மறுமுனை வெறும் தாங்கியில் இருக்கட்டும். பொம்மை கண்ணெதிரே தொங்கும், ஆனால் உதைத்தாலும் ஆடாது. இதுதான் அடிப்படை அளவு. அடுத்து ரிப்பனைப் பொம்மைத் தாங்கிக்கு மாற்றி 9 நிமிடம் விடுங்கள். எவ்வளவு வேகமாக உதைக்கிறதோ அவ்வளவு வேகமாகப் பொம்மை ஆடும். கடைசி 3 நிமிடம் மறுபடி வெறும் தாங்கி. இதையே 24 மணி நேரம் கழித்து இன்னொரு முறை செய்ய வேண்டும். ரிப்பன் காலில் இருக்கும்வரை குழந்தையைத் தனியே விடவே கூடாது.

கால் போன வழியிலேயே ஓரளவாவது திரும்பி வரும் தொடர்ச்சியான அசைவுதான் ஒரு உதை. நிமிடவாரியாகக் குறியுங்கள். அவ்வப்போது இன்னொருவரும் தனியே எண்ணி ஒப்பிட வேண்டும். தொடர்ந்த மூன்று நிமிடங்களில் இரண்டிலாவது அடிப்படை அளவைப் போல் 1.5 மடங்கு உதைத்தால், குழந்தை கற்றுவிட்டது என்று கொள்ளலாம். கற்காத குழந்தையின் மறதியை அளப்பதில் பொருளில்லை.

நினைவுச் சோதனை சில நாள் கழித்து, 3 நிமிடம், பொம்மை ஆடாத நிலையில். இங்கேதான் பலர் தவறுவார்கள்: பொம்மை ஆடினால் குழந்தை அப்போதே புதிதாகக் கற்கும், பழைய நினைவு எது என்று பிரிக்க முடியாது. அடிப்படை அளவு நிமிடத்துக்கு 8, பயிற்சியின் முடிவில், அதாவது கடைசி 3 நிமிட வெறும் தாங்கி நிலையில், 20, இப்போது 18 என்றால், 18-ஐ 8-ஆல் வகுக்க 2.25, 20-ஆல் வகுக்க 0.9. நன்றாக நினைவிருக்கிறது. இப்போது 8-தான் என்றால் மறந்துவிட்டது. இந்தப் பயிற்சிக்குப் பின் 2 மாதக் குழந்தை ஓரிரு நாளும், 3 மாதக் குழந்தை ஏறக்குறைய ஒரு வாரமும், 6 மாதக் குழந்தை இரண்டு வாரமும் நினைவில் வைத்திருக்கும்.

பொம்மையையோ தொட்டிலைச் சுற்றிய துணியையோ மாற்றிவிடாதீர்கள். 3 மாதக் குழந்தைக்கு அந்தத் துணியின் நிறமும் வடிவமும்கூட நினைவோடு ஒட்டியவை. மாற்றினால், நினைவிருந்தும் உதைக்காமல் போகலாம். உற்சாகத்தால் உதைக்கிறதா என்ற ஐயத்தை நீக்க, உதைக்குத் தொடர்பில்லாமல் பொம்மை ஆடும் ஒப்பீட்டுக் குழு ஒன்று கட்டாயம் வேண்டும்.

மறந்ததையும் மீட்கலாம். 3 மாதக் குழந்தைக்கு, இரண்டு வாரம் கழித்துவரும் சோதனைக்கு முந்தைய நாள், உதைக்க இடமில்லாத இருக்கையில் அமர்த்தி, ரிப்பனை நீங்களே இழுத்து 3 நிமிடம் பொம்மையை ஆட்டிக் காட்டுங்கள். மறுநாள் உதை பழைய அளவுக்குத் திரும்பும். பயிற்சியே பெறாத சில குழந்தைகளுக்கும் இதே நினைவூட்டலைக் கொடுத்துப் பாருங்கள். அவர்களும் மறுநாள் அதிகமாக உதைத்தால், நீங்கள் அளந்தது மீண்டு வந்த நினைவை அல்ல.