முதல் எடிட்டிலேயே ஆளை விரட்டிவிடாதீர்கள்

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கியவர்கள் ஒரு கோடிக்கும் மேல். தொடர்ந்து எடிட் செய்பவர்கள் அதில் மிகச் சிறு பங்குதான். போனவர்கள் எல்லாரையும் நாம்தான் விரட்டினோம் என்று சொல்லவில்லை. ஒரு கடையின் பெயரைத் திருத்த வந்தவர் திருத்திவிட்டுப் போயிருப்பார், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஆசையாக வந்து, நேரம் போவது தெரியாமல் தன் தெருவை வரைந்து, மறுநாள் அதற்கு வந்த பதிலைப் பார்த்ததும் மனசு விட்டுப்போய் ஒதுங்கியவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பதிலை எழுதியவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் எழுதுவதில்லை. வரைபடம் சரியாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில், வரைந்தவரை மறந்துவிடுகிறார்கள். பல வருடங்களாக மேப் செய்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஒருவருடைய எடிட்டைச் சரியாக விளக்காமல் ரிவர்ட் செய்வது, அதாவது பழையபடி மாற்றிவிடுவது.

அடிக்கடி நடக்கும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். புதியவர், உலாவியிலேயே வரைய உதவும் ஐடி (iD) எடிட்டரைத் திறக்கிறார். பின்னணியில் செயற்கைக்கோள் படம், அதன் மேல் ஏற்கெனவே வரைந்த கட்டிடங்கள். கட்டிடங்கள் எல்லாம் படத்திலிருந்து கொஞ்சம் தள்ளித் தெரிகின்றன. சரி, யாரோ தப்பாக வரைந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒவ்வொன்றாக இழுத்துப் படத்தோடு பொருத்துகிறார், போகிற போக்கில் விடுபட்டிருந்த இரண்டு நடைபாதைகளையும் சேர்க்கிறார். உண்மையில் கட்டிடங்கள் ஜிபிஎஸ் தடங்களை வைத்துச் சரியாகத்தான் வரையப்பட்டிருந்தன, விலகியிருந்தது படம். இது அந்தப் பகுதியை நன்றாகத் தெரிந்தவருக்கு ஒரே பார்வையில் புரியும், முதல் நாள் வந்தவருக்கு எப்படிப் புரியும்? கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து அவர் செய்தது முழுக்க நியாயமான வேலை.

இப்போது அனுபவசாலி என்ன செய்கிறார்? சேஞ்ச்செட்டை, அதாவது புதியவர் சேமித்த திருத்தங்களின் தொகுப்பை, மொத்தமாக ரிவர்ட் செய்துவிட்டு, "கட்டிடங்களை நகர்த்தக் கூடாது. விக்கியைப் படித்துவிட்டு எடிட் செய்யவும்" என்று ஒரு வரி போடுகிறார். (விக்கி என்றால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் வழிகாட்டிப் பக்கங்கள்.) நல்லபடியாகச் சேர்த்திருந்த அந்த இரண்டு நடைபாதைகளும் சேர்ந்தே போய்விடுகின்றன.

இதையே இப்படி எழுதலாம்: "வணக்கம், இந்தப் பகுதிக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. நீங்கள் பார்த்த படம் இங்கே சில மீட்டர் விலகியிருக்கிறது, அதனால்தான் கட்டிடங்கள் தப்பான இடத்தில் இருப்பதுபோல உங்களுக்குத் தெரிந்திருக்கும். பின்னணிப் பலகையில் படத்தை நகர்த்திச் சரிசெய்ய வசதி இருக்கிறது, ஜிபிஎஸ் தடங்களையும் ஆன் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டிடங்களை நான் பழைய இடத்துக்குக் கொண்டுவரட்டுமா, இல்லை நீங்களே செய்து பார்க்கிறீர்களா? நீங்கள் சேர்த்த நடைபாதைகள் சரியாக இருக்கின்றன, அவை அப்படியே இருக்கட்டும்."

எழுத இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு மேப்பர் மிஞ்சுவார்.

இன்னொன்று, சேஞ்ச்செட்டில் நீங்கள் எழுதும் கருத்து அவருக்கு மின்னஞ்சலாகப் போகிறது. அதை அவர் உடனே பார்ப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. காலையில் கேள்வி கேட்டுவிட்டு மாலைக்குள் பதில் வரவில்லை என்று கோபப்படாதீர்கள், சில நாள் பொறுங்கள். வேண்டுமென்றே நாசம் செய்ததோ, வழிகாட்டும் செயலிகளைத் தவறான பாதையில் அனுப்பும் அளவுக்குச் சாலை உடைந்துபோனதோ வேறு விஷயம், அதை உடனே சரிசெய்துதான் ஆக வேண்டும். அப்போதும் என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

விக்கி இணைப்பைத் தூக்கிப் போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதைக்கு 'ஹைவே=ஃபுட்வே' என்ற டேக் (வகைக் குறி) போடுவதா 'ஹைவே=பாத்' போடுவதா என்று ஒருவர் கேட்டால், அந்த இரண்டு டேகுகளின் விக்கிப் பக்கங்களையும் முழுதாகப் படித்தாலும் தெளிவு வராது, ஏனென்றால் நாமே அதில் பல வருடங்களாக ஒத்துப்போகவில்லை. அப்படியிருக்க, "விக்கியில் இருக்கிறது" என்பது பதிலே இல்லை. "உங்கள் பாதைக்குப் பாத் போடுங்கள், மண்பாதை என்றால் தரை வகையைச் சொல்லும் சர்ஃபேஸ் டேகையும் சேருங்கள்" என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் இணைப்பைக் கொடுங்கள். நமக்குள் இருக்கும் பழைய சண்டையை அவருடைய முதல் எடிட்டின் கீழே நடத்தாதீர்கள், அது வேண்டவே வேண்டாம். வரவேற்கிறேன் என்று ஒரு டஜன் இணைப்புகளோடு நகல் செய்தி அனுப்புவதும் ஏறக்குறைய இதே கதைதான்.

கருவியை வைத்து ஆளை எடைபோடுவது அடுத்தது. கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் ஜோசம் (JOSM) சக்திவாய்ந்த எடிட்டர், சந்தேகமில்லை. ஆனால் "ஐடியில் எடிட் செய்தால் இப்படித்தான் ஆகும்" என்று சொல்வதால் யாருக்கு என்ன லாபம்? ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியில், தெருவில் நின்றபடி "இந்தக் கடை எப்போது திறந்திருக்கும்?" என்ற கேள்விக்குப் பதில் தட்டுபவரும் மேப்பர்தான். நேரில் போய்ப் பார்த்து எழுதும் அந்தத் தகவலைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து யாரும் எடுக்க முடியாது.

காப்புரிமை விஷயத்தில் நாம் கறாராக இருப்பது சரிதான். கூகுள் மேப்ஸிலிருந்து பெயர்களைப் பார்த்து எழுதக் கூடாது, எழுதினால் அந்தத் தரவை நீக்கத்தான் வேண்டும். ஆனால் குற்றச்சாட்டோடு தொடங்க வேண்டியதில்லை. "இந்தத் தெருப் பெயர்கள் உங்களுக்கு எங்கே கிடைத்தன?" என்று கேளுங்கள். பலர் அங்கேயே குடியிருப்பவர்களாக இருப்பார்கள். உண்மையிலேயே பார்த்து எழுதியவர்களுக்கும், 2012 முதல் நம் தரவு ஓடிபிஎல் (ODbL) என்ற திறந்த தரவு உரிமத்தில் வெளியாகிறது, அடுத்தவருடைய வரைபடத்தை அதற்குள் கொண்டுவர நமக்கு உரிமை இல்லை என்று காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

பேரிடர் மேப்பிங்கில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரியும். 2010 ஹைட்டி நிலநடுக்கத்தின்போதும் 2015 நேபாள நிலநடுக்கத்தின்போதும் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் படங்களைப் பார்த்துச் சாலைகளையும் கட்டிடங்களையும் வரைந்தார்கள். இப்படி வருபவர்களில் நிறையப் பேருக்கு அதுதான் முதல் எடிட். பகுதியைச் சிறு சதுரங்களாகப் பிரித்துக் கொடுக்கும் டாஸ்கிங் மேனேஜர் தளத்தில், அவர்கள் வரைந்த சதுரத்தைச் சரிபார்ப்பவர், கட்டிட மூலைகள் கோணலாக இருப்பதால் காரணம் எழுதாமல் திருப்பிவிட்டால், உதவ வந்தவருக்கு எப்படி இருக்கும்? ஐடியில் கட்டிடத்தைத் தேர்ந்தெடுத்து க்யூ விசையை அழுத்தினால் மூலைகள் நேராகிவிடும். இதை ஒரு வரியில் சொன்னால் அடுத்த ஐம்பது கட்டிடங்களும் சரியாக வரும். பலர் சேர்ந்து மேப் செய்யும் மேப்பத்தான் நிகழ்ச்சிகளை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: சரிபார்ப்பவர்களை அன்றைக்கே, அதே நேரத்தில் உட்காரவையுங்கள். நிகழ்ச்சி முடிந்து மூன்று வாரம் கழித்து வரும் திருத்தத்தை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

கடைசியாக, நம் மௌனம். ஐடியில் சேமிக்கும்போது, தன் எடிட்டை யாராவது பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்க ஒரு பெட்டி இருக்கிறது. அதை டிக் செய்பவர் கற்றுக்கொள்ளத் தயாராக நிற்கிறார். அவருக்குப் பதிலே போகவில்லை என்றால் கடுமையான பதிலைவிட அது ஒன்றும் மேலில்லை. சேஞ்ச்செட்டுகளைப் பார்த்துச் சரிபார்க்க உதவும் ஓஎஸ்எம்சா (OSMCha) தளத்தில் உங்கள் பகுதியைத் தேர்ந்தெடுத்து, இப்படிப் பார்க்கச் சொல்லிக் கேட்டவர்களின் சேஞ்ச்செட்டுகளை மட்டும் வடிகட்டிச் சேமித்துவைத்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள், அவர் எந்த மொழியில் எழுதியிருக்கிறாரோ அந்த மொழியிலேயே பதில் போடுங்கள். திருத்த எதுவும் இல்லாவிட்டாலும், "பார்த்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.