பாதுகாப்பு சென்சார் மாட்டிவிட்டால் போதுமா? பலர் கோட்டை விடும் இடங்கள்

சுமை தூக்கும் தொழிலாளியின் இடுப்பு பெல்ட்டில் ஒரு சின்ன சென்சார், முதுகை வளைத்துக் குனிந்தால் அதிரும், நாளடைவில் ஆள் முழங்காலை மடக்கித் தூக்கப் பழகிவிடுவார் என்பது கணக்கு. கணக்கில் தப்பில்லை. அதிர்ந்தாலே அது தொழிலாளியின் தவறு என்று முடிவு கட்டுவதுதான் தப்பு.

பெட்டி தரையில் கிடந்தால் யார்தான் குனியாமல் எடுப்பது? ஒரே இடத்தில் எல்லோருக்கும் அதிர்கிறது என்றால் கோளாறு அந்த இடத்தில்தான், அங்கே இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை போட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நயோஷ் (NIOSH) சுமை தூக்குவதற்கு வகுத்த சூத்திரத்தில் 23 கிலோ என்ற உச்ச வரம்பே சுமை உடலை ஒட்டி, சுமார் 75 செ.மீ. உயரத்தில் இருந்தால்தான், தரையை நெருங்க நெருங்க அது குறையும். இதையெல்லாம் விட்டுவிட்டு "இன்று யாருக்கு அதிக அலாரம்" என்று பெயர்ப் பட்டியல் ஒட்டினால், கனமான சுமை வரும்போது ஆட்கள் சத்தமில்லாமல் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிடுவார்கள், ரிப்போர்ட் மட்டும் பிரமாதமாக வரும்.

அடுத்தது கேஸ் டிடெக்டர், அதாவது காற்றில் ஆபத்தான வாயு இருந்தால் அலாரம் அடிக்கும் கருவி. பைக்குள் போட்டு வைத்தால் அது பைக்குள் இருக்கும் காற்றைத்தான் அளக்கும்! மூக்கு, வாயிலிருந்து சுமார் 25 செ.மீ.க்குள், காலர் பக்கமாக, வெளியே தெரிய மாட்ட வேண்டும். ஆன் ஆகிறது, பச்சை விளக்கு எரிகிறது என்பதை நம்பி இறங்காதீர்கள், சென்சார் செத்துப் போயிருந்தாலும் சில சமயம் அப்படித்தான் காட்டும். தினமும் வேலைக்கு முன் கொஞ்சம் சோதனை வாயுவைக் காட்டி அலாரம் அடிக்கிறதா என்று பாருங்கள். நாற்றம் வந்தால் தெரிந்துவிடுமே என்பவர்களுக்கு: அழுகிய முட்டை நாற்றமடிக்கும் விஷவாயுவான ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவுக்குப் போனால் மூக்கே மரத்துவிடும்.

அப்புறம், சாதாரண ஸ்மார்ட்வாட்சை எரியக்கூடிய வாயு இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, அதற்கென்று சான்று பெற்ற கருவி வேண்டும். சுழலும் இயந்திரத்தின் பக்கத்தில் மணிக்கட்டில் எதையும் கட்டாதீர்கள்.

இதயத்துடிப்பு பார்க்கும் பட்டை என்றால் இன்னொரு சங்கதி. அது உடல்நலத் தகவல். யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், சம்பளம், பதவி உயர்வு விஷயத்தில் அதைத் தொடுவார்களா என்பதை மாட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். "அதெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தால், மாட்டுவதையும் பிறகே பார்த்துக்கொள்ளலாம்.