ஒரு டிஸ்க் அலறுகிறது, அடுத்தது முணுமுணுக்கிறதா?

ஹோம் தியேட்டரில் ஒரு சிடி முடிந்து அடுத்ததைப் போட்டதும் ரிமோட்டைத் தேடி ஓடுகிறீர்களா? பெரும்பாலும் கோளாறு ஸ்பீக்கரில் இல்லை, டிஸ்க்கிலேயே இருக்கிறது. 1980களில் வந்த பல சிடிகளில் ஒலியைக் கொஞ்சம் அடக்கித்தான் வைத்தார்கள். 1990களிலிருந்து யார் பாட்டு அதிகச் சத்தம் என்ற போட்டியில் உச்சத்தை அமுக்கி மொத்தத்தையும் தூக்கிவிட்டார்கள், அதனால் இரண்டுக்கும் நடுவில் 10 டெசிபல் வித்தியாசம் வந்தாலும் ஆச்சரியமில்லை, அது காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம்.

மியூசிக் டிவிடி என்றால் முதலில் ஆடியோ மெனுவைப் பாருங்கள். ஒரே டிஸ்க்கில் டால்பி 5.1 (பல ஸ்பீக்கர் சரவுண்ட் ஒலி) மெதுவாகவும் பிசிஎம் ஸ்டீரியோ (சுருக்கப்படாத இரு சேனல் ஒலி) சத்தமாகவும் கேட்பது சகஜம். டால்பி டிராக்கிலேயே ஒலியை இவ்வளவு குறை என்று சொல்லும் குறிப்பு பதிவாகியிருக்கும்.

சிடிக்கும் டிவிடிக்கும் தனித்தனி பிளேயர் என்றால் வேலை சுலபம். ரிசீவர் மெனுவில் 'சோர்ஸ் லெவல்' அல்லது 'இன்புட் டிரிம்' இருக்கிறதா என்று தேடி, சத்தமான இன்புட்டைக் குறையுங்கள். மெதுவானதை ஏற்ற வேண்டாம், கரகரக்கலாம்.

சத்தமான இடங்களை அடக்கி மெதுவானவற்றைத் தூக்கும் நைட் மோட்? அக்கம்பக்கத்தார் தூங்கும்போது சரி, மற்ற நேரத்தில் டிரம்ஸ் அடியில் உயிரே இருக்காது.

ஒரே பிளேயரில் ஓடும் இரண்டு சிடிகளுக்கு டிரிம் உதவாது. அவற்றைத் தரம் குறையாத ஃப்ளாக் (FLAC) கோப்பாக மாற்றி, சத்தத்தைச் சமப்படுத்தும் ரீப்ளேகெயினை (ReplayGain) ஆல்பம் முறையில், அதாவது ஆல்பம் முழுவதற்கும் ஒரே அளவில், ஓட்டுங்கள். பாட்டைத் தொடாமல் டேகில் (கோப்போடு சேரும் குறிப்பில்) மட்டும் அளவை எழுதிவைக்கும், ஆனால் உங்கள் பிளேயர் அதைப் படிக்குமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.