பழைய சரக்கு ரயில் பாதையில் ஜியோகேச்சிங்: முதல் தேடலுக்கு ஒரு செய்முறை

யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை வெளியில் எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்களை இணையத்தில் போடுவார். நீங்கள் தேடிப்போய் எடுத்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். ஜியோகேச்சிங் இவ்வளவுதான். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. உடனேயே, மே 3 அன்று, ஆரிகன் மாநிலத்தில் முதல் டப்பா வைக்கப்பட்டது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் இடம், ஓட்டம் நின்றுபோன சரக்கு ரயில் பாதை. வழி தவறாது, பெரும்பாலும் ஏற்ற இறக்கம் குறைவு. அதைவிட முக்கியம், ரயில் விட்டுப்போன கட்டுமானங்களைப் பார்க்கத் தெரிந்தால் டப்பா எங்கே இருக்கும் என்பது பாதி புரிந்துவிடும். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள ஹை பீக் டிரெயிலை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த நடைபாதை முன்பு குரோம்ஃபோர்டு–ஹை பீக் ரயில்வேயாக இருந்தது. 1830–31இல் திறந்தார்கள். இரண்டு கால்வாய்களை இணைக்க, சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு மேலே 53 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட பாதை. மலைமேல் கால்வாய் வெட்டினால் தண்ணீர் நிற்காது என்பதால் ரயில். ஆனால் யோசனை முழுக்கக் கால்வாய் யோசனைதான்: சமதளமாக நீண்ட ஓட்டம், நடுநடுவே செங்குத்தான சரிவு. சரிவின் உச்சியில் நிற்கும் நீராவி எந்திரம் வேகன்களைச் சங்கிலியில், பிற்காலத்தில் கம்பி வடத்தில், மேலே இழுக்கும். 1967இல் பாதை மூடப்பட்டது. 1971இல் உள்ளாட்சி அமைப்புகள் வாங்கி நடைபாதையாக்கின.

ஆப்பும் எண்களும்

ஜியோகேச்சிங் ஆப்பில் இலவசக் கணக்கு போதும். கொடுத்த எண்களிலேயே டப்பா இருக்கும் ‘டிரடிஷனல்’ வகை, ஐந்துக்கு 1 முதல் 1.5 வரை கடினம், அளவு ‘ஸ்மால்’ அல்லது ‘ரெகுலர்’ என்று உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மிகச் சிறிய ‘மைக்ரோ’ வேண்டாம், முதல் நாளே மனம் விட்டுப்போகும். கடைசியாகப் பதிவு செய்தவர் அண்மையில் கண்டெடுத்திருக்கிறாரா என்றும் பாருங்கள்.

எண்கள் பாகையும் தசம நிமிடமுமாக இருக்கும், N 53° 05.500 என்பதுபோல. கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு–தெற்கில் 1.85 மீட்டர் நகரும். பள்ளத்தாக்கில் சிக்னலை நம்பாமல், ஆப்பில் அந்த டப்பாவின் பக்கத்தை முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பேனா மறக்காதீர்கள், சின்ன டப்பாவில் பேனா இருக்காது.

நடை

குரோம்ஃபோர்டு ஸ்டேஷனில் இறங்கி, கால்வாய்க் கரையோரமாக ஹை பீக் ஜங்ஷன் வரை நடங்கள். அங்கே அந்த ரயில்வேயின் பட்டறையையும் பழைய வார்ப்பிரும்புத் தண்டவாளங்களையும் பார்த்துவிட்டு ஷீப் பாஸ்ச்சர் சரிவில் ஏறுங்கள். எட்டடிக்கு ஓரடி உயரும் ஏற்றம், மூச்சு வாங்கும், அவசரப்படாதீர்கள். 1888இல் இங்கே அறுத்துக்கொண்டு ஓடிய வேகன்கள் கீழே கால்வாயையும் இன்னொரு ரயில் பாதையையும் தாண்டிப் போய் விழுந்தன. அதற்குப் பிறகு, ஓடிவரும் வேகன்களைப் பிடிக்க ஒரு குழி வெட்டினார்கள். சிதைந்த வேகன் ஒன்று இன்னும் அதற்குள் கிடக்கிறது. மேலே பிளாக் ராக்ஸ் என்ற பாறைகள் வழியாக மிடில்டன் டாப் போனால், 1829இல் பட்டர்லி கம்பெனி செய்த நீராவி எந்திரம் அதன் எந்திரக் கூடத்திலேயே நிற்கிறது. முதல் நாளுக்கு இவ்வளவு தூரம் தாராளம்.

கடைசிப் பத்து மீட்டர்

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். வெட்டவெளியில் போன் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை பிசகும். பாறையை வெட்டிப் பாதை விட்ட இடத்திலும் பாலத்தடியிலும் மரத்தடியிலும் பிசகு இன்னும் கூடும், அம்புக்குறி சுற்றிச் சுற்றி வரும். பத்து மீட்டர் என்று காட்டியதும் போனைப் பையில் போடுங்கள். அப்புறம் கண்தான்.

ஒளித்தவர் இடத்தில் நின்று யோசியுங்கள். அவருக்கும் அங்கே ரயில் விட்டுச்சென்றதுதான் கிடைத்தது: பாலத்தின் அடிப்பக்கம், வேலிக்கால், தண்டவாளத்தைத் தாங்கிய, துளையிட்ட கல் சிலிப்பர், தகவல் பலகையின் பின்புறம். இரும்பு இருந்தால் அதில் காந்தம் ஒட்டிய டப்பா இருக்கலாம். பக்கத்தில் உள்ள எதற்கும் பொருந்தாமல் அடுக்கிய கற்களோ குச்சிகளோ தெரிந்தால் அங்கே கை வையுங்கள். கிடைக்காவிட்டால் ஆப்பில் குறிப்பைத் திறக்கலாம், தவறில்லை.

சாந்தில்லாமல் அடுக்கிய கற்சுவர்கள் இங்கே எங்கும் இருக்கும். அவற்றில் ஒரு கல்லைக்கூட உருவாதீர்கள். அந்தச் சுவர்களுக்குச் சேதம் வரும்படி டப்பா வைக்க பிரிட்டன் விதிகளே தடைபோடுகின்றன. எனவே அங்கே தேடுவது வீண், சுவர் சரிந்தால் நட்டம் எல்லாருக்கும். பழைய கல்குவாரி விளிம்புக்கும் பூட்டிய கட்டடத்துக்கும் போகவே வேண்டாம்.

கிடைத்ததும்

யாராவது வந்தால் அவர்கள் கடந்து போகும்வரை காத்திருங்கள். தாளில் தேதியும் உங்கள் கணக்குப் பெயரும் எழுதுங்கள். உள்ளே பொம்மை, பேட்ஜ் இருந்தால் ஒன்று எடுக்கலாம், அதற்கு ஈடாக ஒன்று வைக்க வேண்டும். தின்பண்டம் வைக்காதீர்கள், விலங்குகள் டப்பாவைக் கடித்துவிடும். மூடியை இறுக்கி, முன்பு மறைத்திருந்தபடியே மறையுங்கள்.

இரண்டு டப்பாக்களுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அடுத்ததை அங்கேயே தேடாமல் நடையைக் கட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஆப்பில் பதிவு போடுங்கள். தாள் நனைந்திருந்தால் அதையும், கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். டப்பா வைத்தவர் அதைப் பார்த்துத்தான் வந்து சரிசெய்வார்.