துன்ப நேரத்து ஜெபத்தில் நாம் செய்யும் தவறுகள்

வீட்டில் ஒருவர் நோயில் கிடக்கிறார். அல்லது வேலை போய்விட்டது, கடன் கழுத்தை நெரிக்கிறது. அந்த நேரத்தில் முழங்காலில் நின்றால் மனதுக்குள் எரிவது ஒன்று, வாயில் வருவது வேறொன்று. "ஸ்தோத்திரம் ஆண்டவரே, எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம். அழுதால், ஏன் என்று கேட்டால் விசுவாசக் குறைவு ஆகிவிடுமோ என்ற பயம்.

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். வேதாகமத்தில் சங்கீதங்கள் என்ற ஜெபப் பாடல்கள் 150 இருக்கின்றன. அவற்றில் புலம்பல் பாடல்கள் கொஞ்சநஞ்சமல்ல. 13-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் மட்டும் "எதுவரைக்கும்" என்று தாவீது நான்கு முறை கேட்கிறார். 88-ஆம் சங்கீதத்தை ஒருமுறை முழுதாக வாசித்துப் பாருங்கள். மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும், இது திரும்பாது. நண்பர்களும் விலகிப்போன இருளிலேயே முடிந்துவிடுகிறது. ஆனாலும் அதன் முதல் வரி "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் ஆரம்பிக்கிறது. அழுகிறவர் ஆண்டவரை விட்டுப் போகவில்லை, அவரிடமே வந்து அழுகிறார். இயேசுவும் சிலுவையில் 22-ஆம் சங்கீதத்தின் வார்த்தையைத்தான் எடுத்தார்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" அவரே ஏன் என்று கேட்டிருக்கும்போது நாம் கேட்கக் கூடாதா?

அடுத்தது, கேட்டது கிடைக்காவிட்டால் ஜெபம் சரியில்லை என்று முடிவுகட்டுவது. இன்னும் அதிக நேரம், இன்னும் ஒரு உபவாசம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறோம். உபவாசம் நல்லதுதான், ஆனால் அது விலை அல்ல. அதிக வசனிப்பினால், அதாவது நிறைய வார்த்தைகளை அடுக்குவதால், ஜெபம் கேட்கப்படும் என்று எண்ண வேண்டாம் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில், இந்தப் பாத்திரம் (வரப்போகும் பாடுகள்) நீங்கட்டும் என்று அவர் மூன்று முறை ஜெபித்தார், அது நீங்கவில்லை. தன் மாம்சத்தில் இருந்த முள் என்று தான் சொன்ன வேதனை நீங்கும்படி அப்போஸ்தலன் பவுலும் மூன்று தரம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. இவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வோமா?

ஜெபிக்கிறேன், அதனால் மருந்து வேண்டாம் என்பதும் தவறு. எருசலேமின் மதிலைக் கட்டிய நெகேமியா, எதிரிகள் மிரட்டியபோது ஜெபமும் செய்தார், இரவும் பகலும் காவலும் வைத்தார். சாக வேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது போதனை அல்ல, அடையும் தண்ணீரும்தான். சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். மனம் அப்படி உடைந்துபோயிருந்தால் மருத்துவரிடம் போவது அவிசுவாசம் அல்ல.

அப்புறம், ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் செய்யும் தவறு. "ஏதாவது மறைந்த பாவம் இருக்கும், ஆராய்ந்து பாருங்கள்" என்று படுத்திருப்பவரிடம் சொல்வது. நானும் ஒருவரிடம் ஏறக்குறைய இதையே சொல்லியிருக்கிறேன். அவர் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. வாயைத் திறந்து குற்றம் தேட ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது; முடிவில் ஆண்டவர் அவர்கள்மேல்தான் கோபப்பட்டார். பிறவிக் குருடனைக் காட்டி "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றார் இயேசு.

சில நாட்களில் ஜெபிக்க ஒரு வார்த்தைகூட வராது. அதையும் குற்றமாக எண்ணி மறைக்கிறோம், சபைக்குப் போவதையும் நிறுத்திவிடுகிறோம். வெறும் பெருமூச்சு போதும். ஆவியானவரே நமக்காக வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுகிறார் என்று ரோமர் 8-ஆம் அதிகாரம் சொல்கிறது. அதோடு, நம்பிக்கையான ஒருவரிடம் "இன்றைக்கு என்னால் முடியவில்லை, எனக்காக நீங்கள் ஜெபியுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். கப்பர்நகூமில் நான்கு பேர் நடக்க முடியாத ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கினார்கள். அந்தச் சம்பவத்தில் படுக்கையில் கிடந்தவன் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. இயேசு பார்த்தது "அவர்கள்" விசுவாசத்தை என்று மாற்கு எழுதுகிறார்.