காயை ஒதுக்கும் பிள்ளைக்கு

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் சாம்பாரில் கிடக்கும் காயை எல்லாம் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பான். திட்டியும் கெஞ்சியும் பலன் இல்லை. நேரத்தையும் பக்குவத்தையும் மாற்றியதும்தான் சாப்பிட ஆரம்பித்தான்.

நாலரை மணிக்குப் பள்ளி விட்டு வரும்போது அகோரப் பசி. அவன் பிஸ்கட் டப்பாவைத் தேடுவதற்குள், நீளமாக நறுக்கிய வெள்ளரி, கேரட்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, எலுமிச்சை பிழிந்து மேசையில் வைத்துவிடுவேன், கடற்கரை மாங்காய் பத்தை மாதிரி. சாப்பிடு என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

அப்புறம் வெண்டைக்காய். அதன் வழவழப்புதான் அவனுக்குப் பிடிக்காது. கழுவி, ஈரம் போகத் துணியால் துடைத்த பிறகே நறுக்குங்கள். அகலமான இரும்புச் சட்டியில் மூடாமல் வதக்குங்கள். உப்பு கடைசியில்தான், முன்னாலேயே போட்டால் நீர் விட்டுக் கொழகொழத்துப் போகும். ஓரம் முறுகியதும் ஒரு ஸ்பூன் கடலை மாவு தூவி, இரண்டு நிமிடம் புரட்டினால் மொறுமொறுவென்று ஆகிவிடும்.

முட்டைக்கோஸ் அதிகம் வெந்தால் கந்தக வாடை அடிக்கும். பல்லில் நறுக்கென்று கடிபடும் பதத்திலேயே இறக்கிவிடுங்கள்.

நேற்று கால் கிலோ வெண்டைக்காய் வறுவலை அடுப்படியில் நின்றபடியே தீர்த்துவிட்டான்.