முட்டைக்கோழிக்கு எந்த எண்ணெய் கலக்கலாம்?

சிங்கப்பூரில் சிலேத்தார் பக்கம் எங்கள் தரைவீட்டுத் தோட்டத்தில் ஆறு கோழிகள் இருக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் பலரும், "தீவனத்தில் என்ன எண்ணெய் கலக்கிறீங்க அக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். (வீவக வீட்டில், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டில், கோழி வளர்க்க அனுமதி கிடையாது.)

எண்ணெயின் குணம் மஞ்சள் கருவில் இறங்கும். அதனால் எதற்காகக் கலக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒமேகா-3 வேண்டுமென்றால் ஆளிவிதை எண்ணெய். முட்டை சிறுத்துப் போனால் சோயா எண்ணெய். முட்டையின் எடைக்கு உதவும் லினோலிக் அமிலம் அதில் பாதிக்கு மேல் இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் அது மிகக் குறைவு, இதற்கு உதவாது. கரு நல்ல நிறமாக வர சிவப்புச் செம்பனை எண்ணெய் போடலாம். சமையலுக்கு விற்கும் வெளிறிய பாமாயிலில் அந்த நிறச்சத்து போயிருக்கும். மீன் எண்ணெய் கொஞ்சம் கூடினாலும் முட்டையில் வாடை வந்துவிடும், நான் தொடுவதில்லை.

கடைத் தீவனத்தில் ஏற்கெனவே கொழுப்பு உண்டு. அதனால் 2 கிலோவுக்கு 2 மேசைக்கரண்டி போதும். கோழி தனக்குத் தேவையான சக்தி கிடைத்ததும் தின்பதைக் குறைத்துவிடும். எண்ணெய் மிஞ்சினால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறைவாக உள்ளே போகும், ஓடு மெலியும். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

கலக்கும்போது மொத்தத் தீவனத்திலும் ஊற்றாதீர்கள். இரண்டு கைப்பிடியை எடுத்து, எண்ணெய் விட்டு, புட்டுமாவு பிசிறுவதுபோல விரல் நுனியால் பிசிறுங்கள். கட்டி உடைந்து எல்லாம் ஒரே நிறமானதும் மீதியோடு சேருங்கள். உள்ளங்கையில் எண்ணெய் வழிந்தால் அதிகம். தூசி அடங்கி, கை லேசாக மினுங்கினால் சரி.

நம் வெக்கைக்கு மூன்று நாளுக்கு மேல் கலந்து வைக்க வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் சீக்கிரம் கெடும், குளிர்பெட்டியில் வையுங்கள். சிக்கு வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெயை வீணாக்க மனமில்லாமல் கோழிக்கு ஊற்றுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். பலமுறை காய்ந்த எண்ணெய் தீவனத்திலுள்ள வைட்டமின் ஈ-யையும் கெடுத்துவிடும்.

கோழிக்குள் ஒரு மஞ்சள் கரு வளர்ந்து முடிய பத்து நாள் வரை ஆகும். எண்ணெயை மாற்றினால் மூன்று வாரம் பொறுத்து, ஒரு முட்டையை உப்பில்லாமல் அவித்துத் தின்று பாருங்கள். வாடை இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள்.